சோதனைத் தளத்தில் என் விலாசம்

ஊழியரின் தனிக்கோப்பு விபரங்கள் பதிவாளரின் எழுத்துமூல அனுமதியின்றி வெளியே போகக்கூடாது என்பது விதி. அப்போது போர்க்காலம்; வான் வண்டிகளில் வந்து தமிழரைக் கடத்திப்போன நாட்கள். நான் பல்கலைக்கழகத்தின் மாத்தளைக் கிளையில் உதவிப் பதிவாளர். இணையதளங்களை நிர்வகிக்க இரண்டு மென்பொருள்களில் ஒன்றைத் தெரிவு செய்யும் பொறுப்பு, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு எங்கள் குழுவுக்கு வந்தது. முதலாவதைச் சோதிக்கத் தலைமை அலுவலகம் எங்கள் தனிக்கோப்புகளையே ஏற்றியது. எங்கள் நிர்வாகத்தில் சோதனைக்கும் உண்மைப் பிரதிதான் வேண்டும். அந்த மென்பொருளோ, சேமித்ததையெல்லாம் யாரையும் கேட்காமல் உலகத்துக்கே காட்டியது.

எங்கள் கிளார்க் அம்மாதான் முதலில் கண்டார்.

“சேர், ஒங்க போட்டோ, பல்லேபொல வீட்டு விலாசம், ஐடென்டிட்டி நம்பர் எல்லாம் இதுல கெடக்கு! தமிழாளு வீட்டைத் தேடி இனி யாரும் அலைய வேண்டியதில்லைங்க.”

சிரிக்க முயன்றேன். உடனே அதை நீக்கப் பார்த்தேன்.

பக்கத்தை நீக்கும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்கே இருந்தது. அதிகாரி அனுமதித்த பின்பே எதையும் வெளியிடும் இரண்டாவது மென்பொருளைச் சிபாரிசு செய்து, என் விபரங்களை உடனே அகற்றும்படியும் எழுதினேன். அதன்பின் வாசலில் ஒரு வான் வேகம் குறைந்தாலே சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். மனைவி பிள்ளைகளைப் பின்கதவுப் பக்கம் கூட்டிப்போவாள். நினைவூட்டல்கள் பல அனுப்பினேன்.

அகற்றிவிட்டதாகப் பதில் வந்தது, தீபாவளிக்கு முதல் நாள்.