முதலாம் கவுண்டரில் ஒரு குரல்

சாவகச்சேரியில் உதயகலாவை ஏமாற்றலாம் என்று வந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை முயன்றதில்லை. பிரதான வீதியோரத்துப் பெரிய சுப்பர் மார்க்கெட்டில் முதலாம் கவுண்டர் அவளுடையது. ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால், நீட்டியவர் கோயில் தர்மகர்த்தாவாக இருந்தாலும் சரி, அவர் முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அரிசிப் பையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை அடிப்பாள். அரிசிக்குள் சவர்க்காரத்தைப் புதைத்துக்கொண்டு வந்த ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடித்த நாளிலிருந்து அந்தப் பழக்கம். கணவன் சந்தையில் வாங்கி வரும் மீனின் செவுளையும் அவன் கண் முன்னாலேயே விரித்துப் பார்ப்பாள். பாவம், அவன் அதற்குப் பழகிவிட்டான். சந்தேகப்படுவது அவளுக்குக் குணம் மட்டுமல்ல, பெருமையும்கூட.

அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அந்தக் கடையில் சாமான் வாங்குகிறவர்கள் தங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளிகளுக்கு விலையில் கழிவு கிடைக்கும். மற்றக் கவுண்டர்களில் எண்ணை அவரவரே ஒரு சின்னப் பெட்டியில் அமத்த வேண்டும். உதயகலாவிடம் அந்தச் சோலி இல்லை. வழமையாக வருகிறவர்களின் எண்கள் அவளுக்குப் பாடம். ஆள் கிட்ட வரும்போதே எண்ணை உரத்துச் சொல்லிக்கொண்டே அடிப்பாள். திரையில் பெயர் வரும். பிறகு விசாரணை தொடங்கும்: சுவிஸில் இருக்கிற மகனுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டதா, கனடாவில் பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டதா. நம்மவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பக்கத்துக் கவுண்டர் வெறுமையாகக் கிடந்தாலும் இவள் முன்னால்தான் வரிசை நீளும்.

தொல்லை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. ஓய்வுபெற்ற தபாலதிபர் நமசிவாயத்தை, கடையிலிருந்து பேசுவதாக ஒரு பெண் அழைத்தாள். பெயர் சொல்லி, சுவிஸ் மகனைச் சுகம் விசாரித்து, உங்கள் புள்ளிகளுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்றாள். அவ்வளவு உரிமையோடு விசாரிப்பவள் கடைப் பிள்ளையாகத்தானே இருக்க வேண்டும் என்று நம்பி, அவர் வங்கி அட்டையின் எண்ணைச் சொன்னார். தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணையும் சொன்னார். வீட்டுக் கூரைக்கு மகன் அனுப்பிய காசு அன்றைக்கே போய்விட்டது. அவருக்குப் பிறகும் சிலர் அதே மாதிரி ஏமாந்தார்கள்.

கடையிலிருந்துதான் விபரம் போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. சனம் எண் கொடுப்பதை நிறுத்தியது, அட்டையைப் பையை விட்டு எடுக்கவில்லை, பாதிப்பேர் பழையபடி சந்தைக்குப் போனார்கள். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் கணினிகளைக் குடைந்து பார்த்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரும் நுழையவில்லை, உள்ளே இருக்கிற யாரோதான் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வியாபாரம் இப்படியே விழுந்தால் ஆட்களைக் குறைக்க வேண்டிவரும் என்றார் முகாமையாளர் ஜெறோம்.

உள்ளே இருக்கிற யாரோ. உதயகலாவுக்கு அது போதும். அவள் கண் இரண்டாம் கவுண்டரில் போய் நின்றது.

அங்கே இருந்தவன் டிலக்ஷன், உடுப்பிட்டிப் பொடியன். கணினி படித்தவன். அதிகம் கதைக்க மாட்டான். ஓய்வு கிடைத்தால் தலையைக் குனிந்து தொலைபேசிக்குள் இருப்பான். தன் கவுண்டருக்கு ஆள் வராததைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. அதுவே ஒரு குற்றமாக அவளுக்குப் பட்டது. அண்மையில் புது மோட்டார் சைக்கிள் வேறு எடுத்திருந்தான். ஒருநாள் அவனாகவே வந்து, "அக்கா, உங்களுக்கு எப்பிடி இவ்வளவு நம்பரும் பாடம்?" என்று கேட்டிருந்தான். அப்போது குளிர்ந்துபோனவள், இப்போது அதே கேள்வியை வேறு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உவனுக்கு ஏன் அது தெரிய வேண்டும்?

ஒரு திங்கட்கிழமை ஜெறோமின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர், வார்த்தையை அளந்து பேசுகிறவர். நிச்சயமோ என்று மட்டும் கேட்டார்.

"என்ரை சந்தேகம் இண்டுவரை பிழைச்சதில்லை, சேர்."

டிலக்ஷனை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகம் முடிவு சொல்லும். வேலை போவது மட்டுமல்ல, பொலிசிலும் கொடுப்பார்கள் என்று பேச்சு. அவன் கடையின் மேற்சட்டையை மடித்து வைத்துவிட்டு, "போட்டு வாறன் அக்கா" என்றான். உதயகலா அடுத்த ஆளின் சாமானுக்கு விலை அடிக்கத் தொடங்கினாள். அன்று மாலைக்குள் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கள்ளன் யார் என்று தெரிந்துவிட்டது. சொன்னது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமை மீனாம்பிகை ரீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற பிறகும் கஞ்சி போட்ட சேலை, குடை, நிமிர்ந்த நடை. கள்ளன் அகப்பட்டுவிட்டானே என்று நம்பி, புதன்கிழமைதான் தன் பழைய தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, புது எண்ணை உதயகலாவிடம் பதிந்துவிட்டுப் போயிருந்தார்.

"எனக்கும் அந்தக் கோல் வந்தது, பிள்ளை" என்றார். "புது நம்பருக்கு. ஆனால் நான் ஏமாறேல்லை."

எப்படித் தப்பினீர்கள் என்று உதயகலா கேட்டாள்.

"லண்டன் மகள் சுகமோ எண்டு கேட்டாள். எனக்கு லண்டனிலை ஆர் இருக்கினம்? என்ரை பிள்ளை நோர்வேயிலையெல்லோ."

உதயகலா கையிலிருந்த சவர்க்காரக் கட்டியை விலை அடிக்காமலே கீழே வைத்தாள். "நான் எப்பவும் லண்டன் எண்டுதானே கேக்கிறனான், ரீச்சர்?"

"ஓம். நீ ஆசையாய்க் கேக்கிறாய். பத்துப் பேருக்கு முன்னாலை உன்னைத் திருத்த எனக்கு மனம் வரேல்லை" என்று சிரித்தார் ரீச்சர். எத்தனையோ பிள்ளைகளின் பிழையைச் சிவப்பு மையால் வெட்டியவர், இந்த ஒரு பிழையை மட்டும் மரியாதைக்காக விட்டுவைத்திருந்தார்.

கணினிக்குப் பெயரும் எண்ணும்தான் தெரியும். ரீச்சரின் மகள் எந்த நாட்டில் என்று அதற்குத் தெரியாது. லண்டன் என்ற பிழை உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அது உதயகலாவின் வாய். புது எண்ணைச் சரிபார்ப்பதற்காகப் புதன்கிழமை அவள் உரத்து வாசித்தபோது டிலக்ஷன் உடுப்பிட்டியில், வீட்டில் இருந்தான்.

அப்படியென்றால் புதன்கிழமை வரிசையில் நின்றது யார்?

நினைவு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர். சில மாதங்களாக வருகிறவர். ஒரு பக்கற் ரொபி மிட்டாய் மட்டும்தான் வாங்குவார். இரண்டாம் கவுண்டர் வெறுமையாக இருந்தாலும் இவளிடம்தான் வருவார். பின்னால் நிற்கிற வயதானவர்களை, நீங்கள் முதல் போங்கோ என்று முன்னுக்கு விடுவார். சட்டைப் பையில் தொலைபேசி நிமிர்ந்து நிற்கும். எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று நினைத்திருக்கிறாள். ஆக்கள் அன்பைத் தேடித்தான் என்னிடம் வருகினம் என்று, அவரைக் காட்டியே டிலக்ஷனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடிக்கிறவள், சரியாகச் சில்லறை கொடுத்த அந்த மனிதரை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கவுண்டரை மூடிவிட்டு ஜெறோமிடம் போனாள்.

"டிலக்ஷனைக் கூப்பிடுங்கோ, சேர். விபரம் போனது அவன்ரை கையாலை இல்லை. என்ரை வாயாலை."

இருவரும் கமராப் படங்களைப் பார்த்தார்கள். புதன்கிழமை ரீச்சருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை நின்றது, சட்டைப் பையிலிருந்த தொலைபேசியைக் கொஞ்சம் முன்னுக்குச் சரித்தபடி. நமசிவாயம் வந்த நாளிலும் நின்றது. ஜெறோம் படங்களைப் பொலிசுக்கு அனுப்பினார். பிறகு, யாரோ அந்நியன் ஒட்டுக்கேட்டு, அழைத்த பெண்ணுக்குக் கொடுத்தான் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் போதும், உன் பெயரை இழுக்கத் தேவையில்லை என்றார். நல்ல மனிதர், அவளுடைய வேலையைக் காப்பாற்றத்தான் சொன்னார். எழுதுகிறதை அவள் அவர் விருப்பத்துக்கு விட்டாள். ஆனால் ஊருக்குள் கள்ளனாகிப் போனவன் அவன்; ஊருக்குச் சொன்னவள் அவள்.

திங்கட்கிழமை டிலக்ஷன் வந்து தன் இடத்தில் இருந்தான். அவளைப் பார்க்கவில்லை. பொலிசுக்கு இன்னும் ஆள் அகப்படவில்லை. வரிசை மெல்லச் சேர்ந்தது. நமசிவாயமும் அதில் நின்றார். உதயகலா எழும்பினாள். அவ்வளவு காலமும் எண்களைச் சொன்ன அதே குரலில், கடைசி ஆளுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்.

"டிலக்ஷனிலை ஒரு பிழையும் இல்லை. உங்கடை நம்பரையும் பிள்ளையள் இருக்கிற நாட்டையும் ஊர் கேக்கச் சொன்னது நான். அவனைக் கள்ளன் எண்டதும் நான்தான்."

நமசிவாயம் கையிலிருந்த பாண் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதயகலாவுக்கு அழுகை வந்தது, அவள் அதை மறைக்கவில்லை. அப்போது டிலக்ஷன் தன் கவுண்டரிலிருந்து சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"மெதுவாய், அக்கா. இண்டைக்கு ஆர் நிக்கினமோ தெரியாது."

உதயகலா வரிசையைப் பார்த்தாள். எல்லாச் சட்டைப் பைகளிலும் தொலைபேசி இருந்தது.