ஸ்டோர் என்று எழுதிய அறை

கல்யாணமாகி மலேசியாவின் கிள்ளானுக்கு வந்தபோது, என் கணவருடைய வரிசை வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் மாமனார், மாமியார். இன்னொன்றில் நானும் நாத்தனாரும். என் கணவர் தம்பிகள் இருவரோடு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். நானும் அவரும் தனியாகப் பேச வேண்டுமென்றால் பாசாருக்குத்தான் போக வேண்டும். மீன் வாங்கும் சாக்கில் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை.

மூன்றாம் மாதம் மாமனாரே ஆரம்பித்தார்.

"நம்மகிட்ட காரா இருக்கு? கராஜ் சும்மாதானே கெடக்கு. அடைச்சு ரூம் கட்டிடுவோம்."

அதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். பிளான் வரைபவர் ஒரு வழி சொன்னார். "பெட்ரூம்னா பெரிய ஜன்னல் கேப்பாங்க அங்கிள். ஸ்டோர்னு போட்டா சுலபம் லா."

அப்படியே போட்டோம், அனுமதியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரும் தம்பிகளும் கல் அடுக்கினார்கள். நான் சிமெண்ட் குழைத்தேன். ஜன்னல் என்று ஒரு சின்ன ஓட்டை. பூச்சு காய்ந்ததும் ஆசை ஆசையாகக் கட்டிலைப் போட்டோம்.

அன்று மதியமே சோதிக்க அதிகாரி வந்துவிட்டார். நடுத்தர வயது மலாய்க்காரர். கட்டிலைப் பார்த்தார். ஜோடித் தலையணைகளைப் பார்த்தார். கண்ணாடி முன்னாலிருந்த என் பவுடர் டப்பாவைப் பார்த்தார்.

"இது ஸ்டோரா? இதுல என்ன வைக்கப் போறீங்க?" என்று மலாயில் கேட்டார்.

நாத்தனார் முந்திக்கொண்டாள்: "எங்க அண்ணனையும் அண்ணியையும்!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதிகாரி சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். கல்யாணமான புதிதில் தானும் ஒன்பது பேரோடு ஒரே வீட்டில் இருந்ததாகச் சொன்னார். பிறகு டேப்பை எடுத்துத் தரையை அளந்தார்.

"ஆள் தூங்குற அறைக்கு, தரையளவுல பத்துல ஒரு பங்கு ஜன்னல் வேணும். காத்து இல்லாம எப்படித் தூங்குவீங்க? பெட்ரூம்னே எழுதி, பிளானை மாத்திக் கொடுங்க. அதுவரைக்கும் யாரும் இங்க படுக்கக்கூடாது."

தன் கையால் கட்டிய சுவரை ஜன்னலுக்காக என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே இடித்தார். இன்னும் சில வாரங்கள் பாசாரிலேயே பேசிக்கொண்டோம்.

புது அனுமதி வந்து, அகலமான கண்ணாடி ஜன்னல் வைத்து, ஒரு சனிக்கிழமை அறைக்குக் குடிபோனோம். மறுநாள் நான் கண் விழித்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. மணி எட்டரை. பதறியடித்துச் சமையலறைக்கு ஓடினேன்.

"ஏம்மா எழுந்த? ஞாயித்துக்கிழமைதானே," என்ற மாமியார், என் கையில் இரண்டு கோப்பை கோப்பியைக் கொடுத்து அறைக்கே திருப்பி அனுப்பினார்.