விசாரணை மேசைக்கு வரவும்

பெரிய ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில், 'விசாரணை' என்று எழுதிய மேசைக்குப் பின்னால் அவர் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கைகாட்டி. அந்தக் கூடத்தில் ஒரு தகவல் இயந்திரம் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. திரையில் என்ன வரவேண்டும், எங்கே தொட்டால் எது திறக்கவேண்டும் என்று தீர்மானிப்பது என் பிழைப்பு. பயன்படுத்துகிறவரின் தேவையிலிருந்து தொடங்கு என்று எங்கள் தொழிலில் வாய் ஓயாமல் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. நான் அதை நிஜமாகவே நம்பித் தொலைத்தேன். பதினோரு நாள் அவர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன்.

முதலில் அவர் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவராக இருந்தவர். இடுப்பு பிடித்துக்கொண்டதும் மேசைக்கு மாற்றினார்கள். வீட்டில் மனைவி துணி தைத்துக்கொடுக்கிறார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இதையெல்லாம் கேள்விகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் சொன்னார்.

கேள்விகள் ஓயாமல் வந்தன. எக்ஸ்ரே எங்கே, கக்கூஸ் எங்கே, தங்கச்சிக்குக் குழந்தை பிறந்துவிட்டதா. "போன தடவை கண்ணாடி போட்ட ஒரு அம்மா பார்த்தாங்களே, அவங்க எங்க?" என்று கேட்டவர்கள் மட்டும் ஒரே நாளில் ஏழு பேர். எந்தப் பிரிவுக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு எந்தக் கண்ணாடி அம்மா என்று தெரியும்.

நாலாம் நாள் ஒரு வாலிபன் வந்து தன் அப்பாவின் பெயரைச் சொன்னான். அவர் பதிவேட்டைப் பார்த்தார். மூடினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தார்.

"வாங்க தம்பி, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்."

திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் கன்னாபின்னாவென்று திட்டினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கே போனீர்கள் என்று நான் கேட்டேன்.

"பிணவறைக்கு. அந்த வழிய மட்டும் நான் வாயால சொன்னதே இல்ல தம்பி. கூட நடந்துடுவேன். படி இறங்கறப்போ கொஞ்சம் சொல்லுவேன், மிச்சத்த அவங்களே புரிஞ்சுக்குவாங்க. அப்போ பக்கத்துல பிடிச்சுக்க ஒரு தோள் வேணும், அவ்வளவுதான்."

பிறகு என் நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க மெஷின் என்ன வேணா சொல்லட்டும். இத மட்டும் சொல்ல வேணாம். என்கிட்ட அனுப்பிடுங்க."

அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒவ்வொரு ஆலோசனைக் கூட்டத்திலும் உட்கார்ந்து நான் அதற்காகச் சண்டை போட்டேன். "அதுவும் ஒரு இடம்தானே, லிஸ்ட்ல போட்டா என்ன?" என்றார் அதிகாரி. நான் விடவில்லை. கடைசியில், தேடுகிறவர் இறந்துவிட்டதாகப் பதிவாகியிருந்தால் திரையில் 'விசாரணை மேசைக்கு வரவும்' என்று மட்டும் வரும்படி செய்தேன். அந்த வரியை முப்பது பேரிடம் காட்டிப் பார்த்தேன். ஒருவரும் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை எட்டும் உயரம். படிக்கத் தெரியாதவருக்குக் குரல். கண்ணாடி அம்மாக்களின் போட்டோக்கள் வரிசையாக. ஒரே மாதத்தில் மேசைக்கு முன்னால் நின்ற கூட்டம் காணாமல் போனது. "இப்பதான் தம்பி டீய ஆறறதுக்கு முன்னாடி குடிக்கிறேன்" என்று அவர் சிரித்தார்.

மூன்றாம் மாதம் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் போனபோதுதான் கவனித்தேன். அவர் மேசைப் பக்கம் ஒருவரும் தானாகப் போகவில்லை. எக்ஸ்ரே கேட்பவரையும் குழந்தை பிறந்ததா என்று கேட்பவரையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அவருக்கு மிஞ்சியது சாவு மட்டும். நோயாளிக்குத் துணையாக வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் முட்டாள்களா? அந்த மேசைக்குப் போனவர்கள் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்த்துவிட்டார்கள். வாய்க்கு வாய் பரவிவிட்டது. திரையில் அந்த வரி வந்தால் பின்னால் நிற்பவர்கள் இரண்டடி விலகிக்கொண்டார்கள். "கைகாட்டி எழுந்துட்டாரா? அப்ப ஒருத்தர் காலி" என்று லிஃப்ட்காரர் என்னிடமே ஜோக் அடித்தார். பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவர்கள் அவர் கண்ணில் படாமல் தூணுக்கு அந்தப் பக்கமாகப் போனார்கள்.

ஒரு நாள் அவர் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டார்.

"முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தா சட்டையக் கழட்டறதுக்குள்ள நாலு கதை சொல்லுவாரு. இன்னைக்கு யாருக்கு என்ன குழந்தை, யாரு வீட்டுக்குப் போறாங்கன்னு. இப்ப சுவரப் பாத்து உட்கார்ந்துடறாரு. என்ன தம்பி பண்ணீங்க அவர?"

வரியை மாற்றிப் பார்த்தேன். 'உதவிக்கு அணுகவும்' என்று போட்டேன். அது மூன்று வாரம் தாங்கியது. 'பதிவு சரிபார்க்கப்படுகிறது' என்று போட்டேன். அது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. நான் என்ன எழுதினாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று ஆகிவிட்டது. பழைய வரியையே திரும்பப் போட்டேன்.

ஒரு மதியம் நான் அங்கே இருக்கும்போது, முப்பது வயதுப் பெண் ஒருத்தி தன் அண்ணன் பெயரைத் தட்டினாள். அந்த வரி வந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடி. எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். பின்னால் இருந்தவர்கள் யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. அவர் எழுந்து பொத்தானைப் போட்டுக்கொண்டு அவளை நோக்கி நடந்தார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"நீங்க வராதீங்க. அங்கயே இருங்க. உங்க காலப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், என் பக்கம் வராதீங்க."

சொல்லிக்கொண்டே படியேறி ஓடினாள். ஒவ்வொரு வார்டாக, ஒவ்வொரு கட்டிலாக அண்ணனைத் தேடியிருக்கிறாள். மூன்றாவது மாடியில், யாரோ ஒருவருடைய கட்டிலின் காலைப் பிடித்தபடி தரையில் கிடந்தவளை நர்சுகள் எழுப்பினார்கள். அதுவரைக்கும் அவர் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றார்.

சாயங்காலம் என்னிடம் வந்தார். "அந்த இடத்தையும் லிஸ்ட்ல போட்டுடுங்க தம்பி."

"நீங்கதானே ஐயா வேணாம்னீங்க?"

"கூட நடக்க ஒரு ஆள் வேணும்னு சொன்னேன். என்னப் பாத்தே ஓடறாங்களே, அப்புறம் நான் எதுக்கு?" அவர் மேசைப் பக்கம் திரும்பினார். "ஒரு ஜென்மத்துக்குப் போதும்."

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பதிலாகக் கொடுக்க என் கையில் வேறு வழி எதுவும் இல்லை. பத்து நிமிட வேலை. பிணவறை என்ற சொல் பயமுறுத்தும் என்று அதை விட்டுவிட்டு, இடத்தை மட்டும் இயந்திரம் அச்சடித்துத் தரும் சீட்டில் வரவைத்தேன். அப்போதும் நான் பயன்படுத்துகிறவரைப் பற்றித்தான் யோசித்தேன், பாருங்கள்.

மறுநாள் காலை, சரியாக வருகிறதா என்று பார்க்க முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். நடுவயதுக்காரர் ஒருவர் ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் மடித்த போர்வையுமாக வந்து தன் மனைவியின் பெயரைத் தட்டினார். சீட்டு வந்தது. சி பிளாக், கீழ்த்தளம், அறை இரண்டு. எடுத்துப் படித்ததும் அவர் முகம் தெளிந்தது.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "ரூம் மாத்திட்டாங்க போல. கீழ எத்தன மணி வரைக்கும் பாக்க விடுவாங்க?" என்று கேட்டார். அந்த அம்மா குனிந்து, கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். "கீழ்த்தளம்னா குளிருமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவர் போர்வையை இடுக்கிக்கொண்டார்.

மேசையில் இருந்தவர் பாதி எழுந்தார். கை பொத்தான் வரைக்கும் போனது. பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்துவிட்டார். போர்வைக்காரர் அறை எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தபடி தனியாகப் படி இறங்கிப் போனார். முக்காலியிலிருந்து நானும் எழுந்திருக்கவில்லை.