எல்லோரும் எழுந்த பிறகு

“வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. உள்ள போய்த் தொறந்தாப் போதும்.”

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால், யார் முதலில் என்று மல்லுக்கு நிற்கிறவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். அதனால்தான் அவருக்கு ‘ரெஃபரி அக்கா’ என்று பெயர். சனிக்கிழமையானால் அக்காவின் கண் கடிகாரத்தை விட்டு நகராது. சாயங்காலம் மைதானத்தில் கால்பந்து. அன்றைக்குப் பல்வலி வருகிறவர்கள் மதியத்துக்குள் வந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

சிறுவயதுக் காய்ச்சல் ஒன்றில் கால்கள் போய்விட்டன. பந்துப் பைத்தியம் போகவில்லை. சக்கர நாற்காலியின் முதுகில் பச்சை அணியின் கொடியைக் கட்டிக்கொண்டு, பஸ் டிரைவரான கணவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கணவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. மனைவி திட்டும்போது அவரும் சேர்ந்து திட்டுவார், அவ்வளவுதான்.

மைதானத்தைக் குறை சொல்ல முடியாது. சரிவுப்பாதை உண்டு, அகலமான வாசல் உண்டு, நாற்காலி திரும்பக்கூடிய கழிவறைகூட உண்டு. ஆனால் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒதுக்கிய மேடை, முன்வரிசைக்குச் சமமான உயரத்தில் இருந்தது. சும்மா இருக்கும்போது தடுப்புக் கம்பி கண்ணுக்கு நேரே ஓடும். பந்து வலையை நெருங்கினால் முன்னால் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். அப்புறம் முதுகுகள்தான். இத்தனை வருஷத்தில் அங்கே விழுந்த ஒரு கோலையும் அக்கா முழுசாகப் பார்த்ததில்லை. காதால் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து செய்தியில் பார்ப்பார். மருத்துவமனையில் யாராவது, “அந்த கோலைப் பாத்தீங்களாக்கா?” என்று கேட்டால், “அங்கதான் இருந்தேன்” என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கணவர் முன்வரிசைக்காரர்களிடம் சண்டைக்குப் போனபோது அக்கா தடுத்துவிட்டார். “அவங்களத் திட்டி என்ன பண்றது? முடிஞ்சா நானுந்தான் எந்திரிப்பேன்.”

பலமுறை புகார் சொன்ன பிறகு, ஒரு சனிக்கிழமை மைதான மேலாளரே நேரில் வந்தார். தன்மையான மனிதர். சரிவுப்பாதை, வாசல், கழிவறை என்று செய்து வைத்ததையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, கணவரை எழுப்பி அந்த இருக்கையில் மேலாளரை உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சிலேயே போனது. திடீரென்று பச்சை அணிக்காரன் ஒருவன் பந்தோடு வலப்பக்கம் பிய்த்துக்கொண்டு ஓட, மைதானமே எழுந்தது. மேலாளரும் எழுந்து கைதட்டினார்.

அக்கா அவர் சட்டை நுனியை மெல்லப் பிடித்து இழுத்தார். “உக்காருங்க சார். இப்ப என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

மேலாளர் உட்கார்ந்தார். முன்னால் ஒருவருடைய பின்பாக்கெட். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு சீப்பு தெரியுதுங்க” என்றார் கடைசியில், தணிந்த குரலில்.

சீப்பைப் பார்த்த கையோடு மேடை உயர்ந்துவிடவில்லை. பொறியாளர் வந்தார், அளந்தார், காணாமல் போனார். பல் பிடுங்க வராமல் டிமிக்கி கொடுக்கிறவர்களை விரட்டும் அதே குரலில் அக்கா ஃபோன் செய்துகொண்டே இருந்தார். அடுத்த பருவத்தில் மேற்குப் பக்க மேடையை உயர்த்தி, கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். கிழக்குப் பக்கம் இன்னும் அப்படியே கிடக்கிறது. “மேல் பல்லு கட்டியாச்சு, கீழ்ப் பல்லு பாக்கி” என்று அக்கா ஃபோனை இன்னும் கீழே வைக்கவில்லை.

புது மேடையில் முதல் ஆட்டம். இடைவேளை முடிந்தும் டீ வாங்கப் போன கணவர் திரும்பவில்லை. அப்போதுதான் முன்வரிசை மொத்தமும் எழுந்தது. அக்கா அவர்கள் தலைகளுக்கு மேலாகப் பார்த்தார். புல்வெளி முழுதாகத் தெரிந்தது. பந்து வந்த வழி, கோல்கீப்பர் தப்பான பக்கம் பாய்ந்தது, வலை உப்பியது, எல்லாமே. விழுந்தது எதிரணியின் கோல்.

பச்சைச் சட்டைகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தன. டீயோடு ஓடிவந்த கணவர், சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, “போச்சா?” என்றார்.

“போச்சு” என்ற அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு. நீட்டிய டீயைக்கூட அவர் வாங்கவில்லை. “இங்க பாருங்க, அந்த மூலையில எடுத்தான்...” என்று ஆரம்பித்து, ஆள்காட்டி விரலால் காற்றில் மெதுவாகக் கோடு இழுத்துக்கொண்டு போனார்.