நல்லம்மாளின் சைவ மேசை

அவித்த முட்டையைக் குழல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார் நல்லம்மாள். தோலுரிக்கும்போது வெள்ளைக்கருவில் நகக்கீறல் பட்டிருந்தால் தீர்ந்தது. "இது ரிஜெக்ட்லா" என்று தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார். ரிஜெக்ட் முட்டைகள் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. "பிள்ளைங்களுக்குப் போறது எக்ஸ்போர்ட் குவாலிட்டி. டீச்சருங்க கேக்க மாட்டாங்க. கேட்டாலும் பரவால்ல."

பாயான் பாரு தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளைச் சோதித்துப் பழகிய கண் அது. அந்த வேலை போனபின் ஜார்ஜ் டவுனில் இந்தத் தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுத்தார். வேலைதான் மாறியது, பேச்சு மாறவில்லை. பிள்ளைகளின் வரிசை அவருக்கு 'லைன்'. சோறு தீர்ந்தால் 'ஷார்ட்டேஜ்'. யாராவது சாப்பிடாமல் தட்டை வைத்துவிட்டுப் போனால் அன்று முழுக்க முகம் தொங்கிப்போகும். "எங்க மிஸ்டேக் பண்ணேன்னு தெரியலையே" என்று மிளகாய்ச் சம்பலை உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துக்கொண்டே இருப்பார்.

முன்பு வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் இலவசச் சாப்பாடு. தூணுக்குப் பின்னால் அவர்களுக்கென்று ஒரு மேசை. மற்ற பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'ஃப்ரீ மேசை'. அங்கே உட்கார்ந்தவர்கள் தலை நிமிராமல் விழுங்கிவிட்டு ஓடுவார்கள். இந்த ஆண்டு முன்னாள் மாணவர்கள் கைகோத்து, பள்ளியில் எல்லோருக்கும் இலவசம் என்று ஏற்பாடு செய்தார்கள். வக்கீல் மகளும் லாரி ஓட்டுநர் மகளும் ஒரே நீள மேசையில் விரலில் சம்பல் வழிய உட்கார்ந்த அன்று, நல்லம்மாள் துள்ளிக் குதிக்காததுதான் குறை. "இப்ப யாரு ஃப்ரீ, யாரு காசுன்னு உங்களால சொல்ல முடியுமா? முடியாதுலா!" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிறகு புரட்டாசி வந்தது. பாதி வீடுகளில் சைவம். கோழிக் கரண்டி சோயாவில் செய்த தெம்பே சட்டியில் பட்டுவிடக் கூடாதே என்று அவருக்கு ஒரே கவலை. ஊரார் விரதத்தைக் கெடுத்த பாவம் தனக்கெதற்கு என்று சைவச் சாப்பாட்டைத் தனியே எடுத்துப்போய், தூணுக்குப் பின்னால் சும்மா கிடந்த அந்த மேசையில் வைத்தார். பூப்போட்ட விரிப்பு வேறு. பக்தி என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

ஓய்வு மணி அடித்தது. அந்த மேசைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. போன ஆண்டுவரை அங்கே தலை குனிந்து சாப்பிட்ட கீர்த்திகா, தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்ற விரதப் பிள்ளைகள், வக்கீல் மகள் உட்பட.

"ஏம்மா கீர்த்தி, பசிக்கலையா?"

"பசிக்குது ஆண்ட்டி."

"அப்புறம் என்ன? சைவம்தாம்மா. கரண்டிகூட வேற."

"அது ஃப்ரீ மேசை ஆண்ட்டி. அங்க உக்காந்தா மறுபடியும் சொல்வாங்க. நான் வீட்ல போயி சாப்டுக்கிறேன்."

நல்லம்மாள் மேசையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. இரு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்து, தட்டு, சட்டி, பூவிரிப்பு எல்லாவற்றோடும் தரதரவென்று இழுக்க ஆரம்பித்தார். சிமெண்டுத் தரையில் எழுந்த சத்தத்துக்குச் சிற்றுண்டிச்சாலை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குழம்பு தளும்பி விரிப்பில் கொட்டியது. நீள மேசையின் முனையில் கொண்டுபோய் முட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

"தள்ளி உக்காருங்க, எடம் குடுங்க."

கோழிக்காலோடு இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். பெஞ்சைப் பிள்ளைகளே தூக்கி வந்தார்கள். கீர்த்திகா இரண்டு மேசைகளும் சேரும் இடத்தில் வந்து உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். மேசைகளுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நல்லம்மாள் அதைக் குனிந்து பார்த்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு, இடுப்பால் ஓங்கி ஓர் இடி இடித்து அதையும் மூடினார்.