சமத்துவப் பொறுப்பாளர்கள் மூன்று பேர்

சுற்றுச்சூழல் சங்கங்களில் சமத்துவப் பொறுப்பாளர் என்றொரு பதவி முளைத்தது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். வெளிநாட்டிலிருந்து நிதி தருகிறவர்கள், "உங்கள் சங்கத்தில் பெண்கள் எங்கே, தலித்துகள் எங்கே, மீனவர்கள் எங்கே" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைப் புகையை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை. அவசர அவசரமாக ஆள் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் நானும் ஒருத்தி. நெல் வயல் உள்ள குடும்பம், பி.எஸ்சி. படிப்பு, பொன்னேரியில் சொந்த வீடு. பெண் என்ற ஒரு தகுதி போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேலை என்னவென்று வேலை கொடுத்தவர்களுக்கே தெரியாது. கூட்டங்களில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் கடைசியில் நிற்கிறார்கள் என்று பார்த்து இயக்குநரிடம் சொல்வேன். "நல்லா கவனிச்சிருக்கீங்க" என்பார். அடுத்த கூட்டத்திலும் அதே ஆட்கள் அதே இடத்தில் நிற்பார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பாட்டிலில் பிடித்துச் சென்னைக்கு அனுப்பத் தெரிந்த மனிதர் அவர். அந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பது மட்டும் அவருடைய சுற்றுச்சூழலில் சேராது.

பக்கத்துச் சங்கங்கள் இரண்டிலும் இதே பதவியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பழவேற்காட்டு முஸ்லிம் வியாபாரக் குடும்பம். இன்னொருத்தி காலனியில் பிறந்தவள், எங்களில் இளையவள். கணவன் இல்லை. பிளஸ் டூ படிக்கும் மகளோடு பொன்னேரியில் வாடகைக்கு இருந்தாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்று பேரும் ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் நாஷ்டா சாப்பிடுவோம். ஆளுக்குக் கொஞ்ச நேரம் அவரவர் இயக்குநரைத் திட்டித் தீர்ப்போம். அந்தச் சனிக்கிழமை இல்லாவிட்டால் மூன்று பேருமே எப்போதோ வேலையை விட்டிருப்போம். விஷயம் காதுக்கு எட்டியதும் என் இயக்குநர் அதற்குச் 'சக ஆதரவுக் குழு' என்று பெயர் வைத்து ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார். இட்லிக்குக்கூடப் பங்கு கேட்கிற ஜன்மம்.

அங்கேதான் இளையவள் எங்களிடம் அந்த ரகசியத்தைச் சொன்னாள். வீட்டு ஓனர் அவள் சாதியைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தெருவில் வீடு கிடைத்திருக்காது. மகளின் பள்ளிக்கூடம் அங்கிருந்து நடந்து போகிற தூரம். பரீட்சை முடிகிறவரை அந்த வீடு நிலைத்தால் போதும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு தொழிற்சாலையின் விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. கல்யாண மண்டபம் நிறையக் கூட்டம். அவளுடைய இயக்குநர் கதர் ஜிப்பாவில் மேடையேறினார். மண், காற்று, தண்ணீர் எல்லாம் பேசி முடித்துவிட்டு அவளை எழுந்து நிற்கச் சொன்னார். "இவங்க காலனியில பொறந்தவங்க. எங்க சங்கத்துல இன்னிக்கு ஒரு அதிகாரி. சமத்துவத்தை நாங்க பேசறதோட விடல, செஞ்சி காட்டியிருக்கோம்" என்றார். கைதட்டல். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு வரிசை தள்ளி விவசாயிகளோடு அவளுடைய வீட்டு ஓனர் உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார்.

அவளுடைய இயக்குநர் கெட்டவர் இல்லை என்று பின்னால் பலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். ஒருத்தியைக் கேட்காமல் எழுப்பி நிறுத்தி, அவள் பிறப்பைத் தன் சட்டையில் மெடலாகக் குத்திக்கொள்கிறவனை வேறு எப்படிச் சொல்வது?

அந்த மாதச் சனிக்கிழமை அவள் இட்லியைத் தொடவில்லை.

"ஓனரு பொண்ணுக்குக் கல்யாணமாம், ஊடு வேணுமாம். மரியாதையாத்தான் சொன்னாரு. அவருக்குப் பொண்ணே கெடயாது" என்றாள்.

பழவேற்காட்டுக்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க பெரியம்மா ஊட்ல ஒரு ரூம் கீது. நாளைக்கே வா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அங்கேர்ந்து பாப்பா பரீட்சைக்கு பஸ்ஸுல வரணுமே. ஒரு நாளு பஸ் வரலன்னா இன்னா பண்றது?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "யக்கா, உங்க மாடி காலியாத்தானே கீது? பரீட்சை முடியறவரைக்கும் போதும்."

காலியாகத்தான் இருந்தது. என் கணவரும் மாமியாரும் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. "மாடியில ரிப்பேர் வேலை நடக்குதும்மா" என்று சொன்னேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"அப்பிடியா? பரவால்லக்கா" என்றாள்.

அடுத்த வாரம் அவள் வீடு மாறினாள். சாமான்களை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோ எங்கள் தெரு வழியாகத்தான் பழவேற்காடு ரோட்டுக்குப் போக வேண்டும். நான் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் டிரைவரிடம் நிறுத்தச் சொன்னாள். பின்னால் பீரோவுக்கும் பாய்ச் சுருட்டுக்கும் நடுவில் மகள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாடிக் கைப்பிடியில் என் கணவர் முந்தின நாள் கட்டிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'வீடு வாடகைக்கு விடப்படும்.' அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரிப்பேரு முடிஞ்சிடுச்சாக்கா?"

"முடிஞ்சிடுச்சும்மா" என்றேன்.