கைராசி அண்ணன் கையில் உடையாத போல்ட்

போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் கைராசி அண்ணன் வலது உள்ளங்கையில் ஒரு முறை ஊதுவார். அப்புறம் அதைச் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, திருப்தி வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். நகைக்கடைக்காரர்கூடத் தன் சரக்கை அவ்வளவு ஆசையாகப் பார்க்கமாட்டார். பட்டறை வாசல் பெஞ்சில் காத்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். காரணம், அந்தக் கையைப் பற்றி உலவும் ஒரு பேச்சு: எவ்வளவு பழைய காராக இருந்தாலும் சரி, சைலன்சரைக் கழற்றும்போது அந்தக் கையில் இதுவரை ஒரு போல்ட்கூட உடைந்ததில்லையாம்.

பழைய காரின் அடிவயிற்றைப் பார்த்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட சங்கதி என்று தெரியும். எஞ்சினிலிருந்து புகைக்குழாய் இறங்குகிற இடத்தில் மூன்று போல்ட்கள் இருக்கும். வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து, மழைத்தண்ணீரில் நனைந்து, துருவேறி, தாங்கள் போல்ட்டா நட்டா என்பதே அவற்றுக்கு மறந்துபோயிருக்கும். மற்ற பட்டறைகளில் அவை முறியும். மெக்கானிக் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பார்ப்பார். இங்கே மட்டும் எப்படி முறியாது?

விசாரித்துப் பார்த்ததில் பேச்சு சத்தியம்தான் என்று தெரிந்தது. அவர் கையில் உடைவதில்லை. வண்டிக்காரர் கையில் உடைகிறது.

அண்ணன் வண்டிக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்ப்பார். எண்ணெய் விடுவார். சுத்தியலால் செல்லமாகத் தட்டுவார். கேஸ் டார்ச்சால் சூடு காட்டி, ஸ்பேனரை மாட்டித் திருப்புவார். போல்ட் கிறீச்சிட்டால் அவருக்குக் கவலை கிடையாது. துருவில் பிடித்துக்கொண்ட மரை இளகுகிறது என்று அர்த்தம். கிறீச்சிடாமல், பிசைந்த மாவைத் திருகுவது போல மெத்தென்று திரும்பினால்தான் வினை. மரை அசையவில்லை, போல்ட்டின் உடம்பே முறுக்கிக்கொள்கிறது. இன்னொரு திருப்பில் போய்விடும். அந்த மெத்தென்ற இடத்தை அண்ணனின் கை அறிந்த மாதிரி வேறெந்தக் கையும் அறியாது. மற்றவர்கள் அங்கே நிறுத்தி, பின்னால் திருப்பி, மறுபடி சூடு காட்டுவார்கள். அண்ணன் அங்கே நிறுத்தி, வண்டிக்காரரைக் கூப்பிடுவார்.

“வாங்க சார், இறங்கி வாங்க. கடைசித் திருப்பு ஓனர் கையால இருக்கணும். அப்பதான் வண்டி நிக்காம ஓடும்.”

திறப்புவிழாவுக்குக் கத்தரிக்கோலை நீட்டுவது போல ஸ்பேனரை நீட்டுவார். வண்டிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிடும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி, ஒரு திருப்பு. டக்.

“அடடா, ஒடச்சுட்டீங்களே சார்!” என்பார் அண்ணன். முகத்தில் அவ்வளவு துக்கம். “பரவால்ல, விடுங்க. பழக்கமில்லாத கை.”

முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துப் பிடுங்குவது அவருடைய மச்சானின் வேலை. அதற்குத் தனிக் கூலி. உடைத்தவர்தானே கொடுக்கவேண்டும்? உடைத்தவர் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். போகும்போது மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போவார்.

தமிழில் இவருக்கென்றே ஒரு சௌகரியம் இருக்கிறது. பொருள் தானாகப் போனால் ‘ஒடஞ்சிருச்சு’. ஆள் போக்கினால் ‘ஒடச்சுட்டான்’. ‘ஒடஞ்சு’, ‘ஒடச்சு’: நடுவில் ஓரெழுத்துதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பு நடந்த நேரமெல்லாம் சைக்கிள் கடையில் இருந்தவர் அண்ணன். ஆனால் அந்த ஓரெழுத்தை வைத்து ஒரு பட்டறையே நடத்துகிறார். அடுத்தவர் விஷயத்தில் எல்லாம் ‘ஒடச்சுட்டீங்க’. தன் விஷயத்தில் எல்லாம் ‘ஒடஞ்சிருச்சு’. வீட்டில் சுவர்க்கடிகாரத்துக்கு ஆணி அடிக்கப்போய்க் கண்ணாடியைச் சில்லுச்சில்லாக்கியபோதும் அதேதான் சொன்னார். “ஓ, தானா நடந்து வந்து உங்க சுத்தியல்ல முட்டிக்கிச்சாக்கும்?” என்றார் அவர் மனைவி. அண்ணன் அதற்கு, “பழைய கண்ணாடி, தாங்கல,” என்று கடிகாரத்தின்மேல் பரிதாபப்பட்டார்.

இப்படியே போயிருக்கும். டிரைவிங் டீச்சர்தான் கெடுத்தார்.

டீச்சர் வைத்திருப்பது ஒரு கிழட்டுக் கார். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். போன முறை சைலன்சர் மாற்ற வந்தபோது அவரும் குழியில் இறங்கி, கடைசித் திருப்பைத் திருப்பி, ‘ஒடச்சுட்டீங்களே’ வாங்கிக்கொண்டு போனவர்தான். ஆனால் அண்ணன் அத்தோடு விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், “டீச்சர் கை இரும்புக் கைங்க. போல்ட்டுக்கே அந்தக் கதின்னா, பாவம், கியருக்கு என்ன கதியோ!” என்று சுவை சேர்த்துச் சொன்னார். தெரு முழுக்க ‘உடைசல் டீச்சர்’ என்று பேர் விழுந்தது. பெண்ணைக் கற்றுக்கொள்ள அனுப்புவதாக இருந்த ஒரு தகப்பனார், “வேற இடம் பாத்துட்டோம்மா,” என்றார். அப்புறம் இன்னொருவர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குப் பேர்தான் முதல். அந்தப் பேர் இந்தக் குழியில்தான் முறிந்தது.

இந்த முறை சைலன்சர் ஓட்டை விழுந்து, கார் லாரி மாதிரி உறுமிக்கொண்டு வந்து நின்றது. மறுநாள் வண்டிக்குத் தகுதிச் சோதனை. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு குழியின் விளிம்பில் நின்றார். முதல் இரண்டு போல்ட்கள் கிறீச்சிட்டுக்கொண்டே வந்துவிட்டன. மூன்றாவது, மெத்தென்றது.

“டீச்சர், வாங்க. கடைசித் திருப்பு...”

“என் கைதான் ஊரெல்லாம் பேர் வாங்கிருச்சே அண்ணே. இந்தத் தடவ உங்க கையே இருக்கட்டும்.”

“அது ஒரு சென்டிமென்ட் டீச்சர்...”

“ஸ்டியரிங்க நானும்தான் தெரியாதவங்க கையில குடுக்கறேன். சுவத்துல கொண்டுபோய் மோதுனா, பிரேக்க நான்தான் லேட்டா மிதிச்சேன்னு சொல்றேன். நீங்க புடிங்க.”

பெஞ்சில் ஒருவர் செருமினார். நீட்டிய ஸ்பேனரைக் கைராசி அண்ணன் திரும்ப இழுத்துக்கொண்டார். இவ்வளவு காலமாக இந்த மெத்தென்ற இடம் வரை வந்திருக்கிறாரே தவிர, இதைத் தாண்டி அவருக்கு வழி தெரியாது. வாசல்வரை வந்து வந்து திரும்பிய மனிதர், உள்ளே எத்தனை அறை என்று எப்படிச் சொல்வார்? மச்சானைப் பார்த்தார்.

“டேய் மாப்ள, ஒரு கை போடேன்.”

மச்சான் வெல்டிங் முகமூடியைச் சட்டென்று இறக்கிவிட்டுக்கொண்டான். “கண்ணு தெரியல மாமா.”

இனி நீட்ட ஆளில்லை. பின்னால் திருப்பி, மறுபடி சூடு காட்டியிருக்கலாம். அண்ணனுக்கு அது தோன்றவேயில்லை. ஸ்பேனரைக் கொடுத்துப் பழகிய கை, கொடுக்க இடமில்லாமல் முன்னால்தான் போனது.

டக்.

குழிக்குள் துருத்தூள் உதிர்ந்தது. முறிந்த தலை ஸ்பேனரோடு வந்து அவர் கையில் இருந்தது. அதை யாரோ தன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மாதிரி அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஒடஞ்சிருச்சு,” என்றார்.

“என்னது அண்ணே?”

“போல்ட்டு டீச்சர். ஒடஞ்சிருச்சு.”

“அது தெரியுது. யாரு?”

“துரு டீச்சர். எல்லாம் துரு பண்ற வேலை.”

“துருவா ஸ்பேனரப் புடிச்சிருக்கு?”

முகமூடிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு டின்னுக்குள் கல் விழுந்த மாதிரி உருண்டது. அண்ணன் மச்சானை முறைத்தார். முகமூடியை முறைத்து என்ன பயன்?

துண்டை மச்சான் பிடுங்கினான். புது சைலன்சர் ஏறியது. வண்டி பூனை மாதிரி மூச்சு விட்டது. அண்ணன் பெரிய மனது பண்ணி, “துண்டு எடுத்த கூலி வேணாம் டீச்சர்,” என்றார். டீச்சர் அதையும் சேர்த்தே மேஜையில் வைத்தார்.

“வேலைக்குக் கூலி தீந்துச்சு அண்ணே. எனக்கு நீங்க ஒரு வார்த்தைதான் பாக்கி. ‘ஒடச்சுட்டேன்’. இங்க உக்காந்திருக்கவங்க முன்னாடி சொன்னாப் போதும்.”

அண்ணன் வாயைத் திறந்தார். “ஒட...” வரை வந்தது. அதற்கு மேல் மரை பிடித்துக்கொண்டது. “அடுத்த தடவ வாங்க டீச்சர், பாத்துக்கலாம்.”

சோதனையில் வண்டி தேறிவிட்டது. டீச்சருக்குப் புதிதாக ஒரு மாணவி கிடைத்திருக்கிறாள். இன்னொருத்தி வருவதாகச் சொன்னவள், டீச்சர் கையைப் பற்றி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். பட்டறையில் வியாபாரத்துக்குக் குறைவில்லை. தங்களைப் போல் நாலு பேர் ஏமாறுவதைப் பார்ப்பதில் மனிதர்களுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது போலும். விஷயம் தெரிந்தவர்களும் வந்து பெஞ்சில் உட்கார்கிறார்கள்.

வண்டியை நடுங்காமல் ஓரங்கட்டப் பழகுவதற்குப் பட்டறை வாசல்தான் தோதான இடம் என்று டீச்சர் கண்டுபிடித்திருக்கிறார். மாணவி எப்படியோ கொண்டுவந்து நிறுத்துவாள். கண்ணாடி இறங்கும். “அண்ணே, அந்த போல்ட்டுக்கு என்னாச்சு?”

பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கைராசி அண்ணன் நிதானமாகத் தகர டப்பாவுக்குள் கையை விட்டு, இரண்டு நட்டுகளைப் பொறுக்கி எடுத்து, பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொள்வார்.